தாடி வைத்த பதினைந்து பெண்கள்

தாடி வைத்த பதினைந்து ஆண்கள் வரிசையாக நின்று பெண்களைப் போல ஒப்பாரி வைப்பதைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். எனக்கு எரிச்சல்தான் வந்தது. என் ஒப்பாரியைக் கேட்க ஆளில்லாத ஊரில், பொய் ஒப்பாரிக்கு இத்தனை ஏற்பாடு!

நான் லிதியா நாட்டுக்காரி. பெயர் மெலித்தா. ஏதென்ஸில் கம்பளி நூற்றுப் பிழைக்கிறேன். வெளியூரிலிருந்து குடியேறியவர்களுக்கு இங்கே ஊர்க்காரர் ஒருவர் பொறுப்பாளராக நிற்க வேண்டும். அப்படி யாரும் இல்லை என்று எவனாவது வழக்குப் போட்டால், கடைசியில் எங்களையே அடிமைகளாகச் சந்தையில் ஏலம் விட்டுவிடுவார்கள். கணவன் இறந்த பிறகும் எங்களுக்காக நின்ற பெரியவர் இந்தக் குளிர்காலத்தில் கண்ணை மூடிவிட்டார். அவருடைய மகன் பெய்திமாக்கோஸிடம் போய்க் கெஞ்சினேன்.

"அப்பா சேத்து வச்ச கூட்டத்தையெல்லாம் நான் கட்டி அழ முடியாதும்மா" என்றார் அவர். "போன வருஷம் ஒரு காரியா நாட்டுக்காரனுக்குப் பொறுப்பா நின்னேன். அவன் கப்பலேறி ஓடிட்டான். ஊர் முன்னாடி தலகுனிஞ்சு நின்னது நான்தான். நீ வேற ஆளப் பாரு, லிதியாக்காரி."

வேறு ஆளுக்கு நான் எங்கே போவது? எனக்கு எட்டு வயதில் நன்னிஸ் என்று ஒரு மகள். தாயையும் பிள்ளையையும் சேர்த்துத்தான் விற்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், வசந்த காலத் திருவிழாவில் போடப்போகும் நாடகத்துக்குச் செலவு செய்பவரே இந்தப் பெய்திமாக்கோஸ்தான். ஊர் எரிந்து தப்பி வந்த அயல்நாட்டுப் பெண்கள் ஓர் அரசனிடம் அடைக்கலம் கேட்கும் கதை. பார்ப்பவர்கள் எல்லாரும் அழ வேண்டும், நாடகப் போட்டியில் பரிசு தனக்கே வர வேண்டும் என்று மனிதர் துடியாய்த் துடித்தார். ஒத்திகை அவர் வீட்டு முற்றத்திலேயே நடந்தது. அடைக்கலம் கேட்பவர்கள் கையில் பிடிக்கும் ஒலிவக் கிளைகளுக்கு வெள்ளைக் கம்பளி சுற்ற என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். வேலையை விட மனமில்லாமல் போனேன்.

பயிற்சியாளர் தலையில் அடித்துக்கொண்டார். "வீடு வாசல் இழந்தவங்க மாதிரியாடா நிக்கிறீங்க? விருந்துக்கு வந்தவங்க மாதிரி நிக்கிறீங்க!"

பாட்டுக்குழுவில் மூன்றாவதாக நின்ற மீன்கடை ஸ்மிக்ரோன் என் பக்கம் திரும்பினான். "யக்கா, பொறந்ததுலேருந்து நான் யார் கால்லயும் விழுந்ததில்ல. எப்படி விழறது?"

"மொதல்ல மீனுக்கு வெல சொல்ற மாதிரி கைய ஆட்டுறத நிறுத்து" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

"நீயே செஞ்சு காட்டும்மா" என்றார் பயிற்சியாளர். அரசனாக நடிப்பவன் அன்று வரவில்லை. பெய்திமாக்கோஸே ஆசையோடு வந்து நின்றார்.

நாடகத்துக்கான பலிபீடம் இன்னும் தச்சரிடமிருந்து வரவில்லை. அதனால் முற்றத்தில் இருந்த வீட்டுப் பலிபீடத்தையே ஒத்திகைக்கு வைத்துக்கொண்டிருந்தார்கள். வீட்டைக் காக்கும் ஸேயுஸ் தெய்வத்துக்குப் பெரியவர் தினமும் திராட்சை மது ஊற்றிக் கும்பிட்ட பீடம் அது. அதில் கிளையை வைத்துவிட்டு அதன் அடியில் உட்கார்ந்தேன். அடைக்கலம் கேட்கும் முறைப்படி இடது கையால் பெய்திமாக்கோஸின் முழங்காலைப் பிடித்தேன், அவர் குனிந்ததும் வலது கையால் தாடியைத் தொட்டேன். நாடகத்தின் வரியைத்தான் சொல்லத் தொடங்கினேன். பாதியில் வேறு வார்த்தைகள் வந்துவிட்டன.

"ஐயா, எனக்கு ஒரு மக இருக்கா. பேரு நன்னிஸ். என்னைய விட்டுட்டுத் தூங்கக்கூடத் தெரியாது அவளுக்கு. எங்களப் பிரிச்சு வித்துருவாங்க. கைவிட்றாதீங்க."

திட்டம் போட்டுத்தான் செய்தாயா என்று கேட்டால், இல்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

நடிப்பு ருசியில் இருந்த பெய்திமாக்கோஸ் என் கையைப் பிடித்துத் தூக்கினார். "எழுந்திரு, பெண்ணே! இந்த மண்ணில் இனி உன்னை எவனும் தொட மாட்டான்!" என்று முழங்கினார். குழுவே கைதட்டியது.

ஸ்மிக்ரோன் மட்டும் தட்டவில்லை. "ஐயா, இது நாடகத்துப் பலிபீடம் இல்லீங்களே. உங்க வீட்டுது."

கைதட்டல் நின்றது. பலிபீடத்தடியில் உட்கார்ந்தவளைக் கைபிடித்துத் தூக்கினால் அவளை ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். அதற்குத் தெய்வம்தான் சாட்சி. சின்னப் பிள்ளைக்குக்கூட அது தெரியும். பெய்திமாக்கோஸ் என் கையை உதறினார்.

"டேய், ஒத்திகைதான்டா நடந்துச்சு!"

"கிளை நெசம், கம்பளி நெசம், யக்காவோட அழுகையும் நெசம். ஒத்திகைன்னு சாமிகிட்ட யாரு போய்ச் சொல்றது?"

"நீ மீன் விக்கிற வேலையப் பாரு!"

ஸ்மிக்ரோன் தன் கிளையைப் பீடத்தில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். பக்கத்தில் இருந்தவனும் உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் பதினைந்து பேரும் உட்கார்ந்துவிட்டார்கள்.

"எந்திரிங்கடா, திருவிழாவுக்குப் பதினோரு நாள்தான் இருக்கு!" என்று பயிற்சியாளர் கதறினார்.

"ஒரு மாசமா ‘எங்களைக் கைவிடாதே’ன்னு பாடுறோம்" என்றான் ஸ்மிக்ரோன். "இந்த யக்காவ வெளிய அனுப்பிட்டு அந்தப் பாட்டு என் வாயில வராதுங்க."

எனக்குப் பெருமையாக இல்லை, பயமாகத்தான் இருந்தது. கோபத்தில் இவரே என் மேல் வழக்குப் போட்டால் என்ன செய்வேன்? போதாததற்கு, மிரட்டி வாங்கிய வாக்கை நம்பிப் பிள்ளையோடு எத்தனை நாள் வாழ முடியும்?

"விடுங்கய்யா" என்றேன். "ஒத்திகைதான். நீங்க தெரியாமத்தான் தூக்குனீங்க. எல்லாரும் கேட்டுக்குங்க, இவரு மேல ஒரு கடமையும் இல்ல. நான் போறேன்."

என் கிளையை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் நடந்தேன்.

"இரும்மா."

திரும்பினேன். பெய்திமாக்கோஸ் பலிபீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் சிவந்திருந்தது. "வந்து மறுபடி உக்காரு" என்றார்.

உட்கார்ந்தேன். கிளையை மறுபடி பீடத்தில் வைத்தேன். அவர் குனிந்து என் கையைப் பிடித்தார்.

"எந்திரிம்மா" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

மறுநாள் காலையில் வெளியூர்க்காரர்களின் விவகாரங்களைப் பார்க்கும் அதிகாரியிடம் போனோம். எழுத்தர் தலையை நிமிர்த்தாமலே கேட்டார். "யாருக்குப் பொறுப்பா நிக்கிறீங்க?"

"மெலித்தா. கம்பளி நூக்கிறவங்க."

எழுத்தர் எழுதி முடித்தார். மகளையும் சேர்க்கச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஒருத்திக்கே இத்தனை பாடு, இன்னொன்றையும் கேட்டால் இதுவும் போய்விடுமோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

"அடுத்த ஆளு வரலாம்" என்றார் எழுத்தர்.

பெய்திமாக்கோஸ் நகரவில்லை. "இன்னும் ஒரு பேரு இருக்குங்க. இவங்க மக, நன்னிஸ். தாயையும் பிள்ளையையும் சேத்தே எழுதுங்க."

அதைக் கேட்டு, அந்தக் கூட்டத்தின் நடுவில், நான் வாய்விட்டு அழுதேன்.