உள்ளே விடப்பட்ட துண்டு

1996 பெப்ரவரி, கொழும்புக் கோட்டையில் குண்டு வெடித்து மூன்றாம் கிழமை. காலை ஏழரை மணிக்கு எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டுக் கதவை ஜவாஹிறா தட்டினார். பக்கத்து ஒழுங்கையில் தம் வீட்டு மாடியறைகளை வாடகைக்கு விடுபவர் அவர்.

“டொக்டர், விடிய பொலிஸ் வந்து எங்கட மாடியில நிக்கிற அந்தப் புள்ள அருள்நாயகிய கூட்டிட்டுப் போய்ட்டாங்க. ஐடென்டிகாட் எல்லாம் சரியாத்தான் ஈந்திச்சி. கடசியா பேக்குக்குள்ள ஒரு ஆஸ்பத்திரிக் காட் எடுத்தாங்க. அதுலதான் புடிச்சது. ஒங்கட கையெழுத்தாம்.”

பார்க்காமலே அதில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மன்னார்ப் பக்கத்துச் சிறு நகரம் ஒன்றில் பதினாறு வருடம் நான் சத்திரசிகிச்சை செய்தேன். மனைவி மேபலும் மகள் றெஜினாவும் படிப்புக்காக முன்னரே கொழும்புக்கு வந்துவிட்டார்கள். நான் போன செப்டெம்பரில்தான் வந்து சேர்ந்தேன். மேசையில் கிடப்பவர் யார், எந்தப் பக்கம் என்று அங்கே நான் ஒருவரிடமும் கேட்டதில்லை. ஆனால் நோயாளியை வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் சிகிச்சைக் காட்டில் ஒன்றையும் விடாமல் எழுதுவேன். ஷெல் காயம், இடது தொடை, இரண்டு துண்டுகள் அகற்றப்பட்டன, மூன்றாவது பெரிய இரத்தக்குழாயை ஒட்டியிருப்பதால் உள்ளேயே விடப்பட்டது. அருள்நாயகியின் காட்டில் அப்படித்தான் எழுதினேன். தொலைக்கக் கூடாது, எந்த டொக்டரிடம் போனாலும் காட்ட வேண்டும் என்று எச்சரித்தும் அனுப்பினேன்.

போன மாதம் ஒழுங்கையில் என்னைக் கண்டு, “டொக்டர், காட் பத்திரமா இருக்கு” என்று சிரித்தாள். கனடா மாப்பிள்ளையிடம் போக விசாவுக்குக் காத்திருந்தாள். ஒரு தமிழ்ப் பெண்ணின் பையில் இருந்து அந்தக் காட் கொழும்புப் பொலிஸுக்கு என்ன சொல்லும் என்று எனக்கு அப்போதும் தோன்றவில்லை. நல்ல நோயாளி என்று நினைத்துக்கொண்டு போனேன்.

“போகப்போறியளோ?” என்றாள் மேபல்.

“போகாமல்?”

“அங்க ஆராருக்கு வெட்டித் தைச்சனீங்கள் எண்டுதான் முதல் கேள்வி வரும். நீங்கள் இஞ்ச வந்து ஆறு மாசம் ஆகேல்ல. ஒரு கடிதம் எழுதிக் குடுத்து விடுங்கோவன். அதுக்கு உங்களுக்குச் சொல்லித்தரவோ வேணும்?”

எழுதினேன். முத்திரை குத்தி ஜவாஹிறாவிடம் கொடுத்தேன். பதினொரு மணிக்கு அவர் கடிதத்தோடு திரும்பி வந்தார்.

“கடுதாசி தேவல்லயாம் டொக்டர். எழுதின ஆள வரட்டாம்.”

பொலிஸ் நிலையத்தில் அருள்நாயகி சுவரோரம் மர வாங்கில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் மரியாதையாகத்தான் பேசினார்.

“டொக்டர் மஹத்தயா, காயம் உங்களுக்குத் தெரியும். ஆளைத் தெரியுமா?”

நியாயமான கேள்வி. இவள் காயப்பட்ட அன்று மத்தியானம் உழவு இயந்திரங்களில் பத்தொன்பது பேரைக் கொண்டுவந்தார்கள். சிலர் சந்தையில் அடிபட்டவர்கள். சிலர் காவலரணில் அடிபட்ட இயக்கத்தவர்கள். அவர்களை உடுப்பு மாற்றித்தான் கொண்டுவருவார்கள். இவள் எந்த உழவு இயந்திரத்தில் வந்தாள் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொன்னால் இவளை இன்றிரவே தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோய்விடுவார்கள்.

“தெரியும். என் மனைவியின் ஒன்றுவிட்ட தங்கை” என்றேன்.

“நீங்கள் கத்தோலிக்கர். இவள் பெயர் அப்படி இல்லையே.”

“எங்கள் குடும்பத்தில் இரண்டும் கலந்திருக்கிறது.”

“தங்கை ஏன் வாடகை அறையில்?”

“எங்கள் வீடு சிறியது.”

அவர் காட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வீட்டில் குடியிருப்போரைப் பதியும் படிவம் ஒன்றை எடுத்தார்.

“வீடு யார் பெயரில்?”

“மனைவியின் பெயரில்.”

“அப்படியானால் அவர் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். இனி இவள் உங்கள் வீட்டில்தான். நாளைக்கு ஏதும் நடந்தால் நான் கூப்பிடப்போவது உங்களை இல்லை, அவரை. ஐந்து மணிக்குள் கொண்டு வாருங்கள்.” அதுவரை பிணையாக என் அடையாள அட்டையை வாங்கி மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டு, அவளை என்னோடு அனுப்பினார்.

வீட்டுக்கு வரும் முச்சக்கரவண்டியில், “டொக்டர், அண்டைக்கு நான்...” என்று அருள்நாயகி தொடங்கினாள்.

“வேண்டாம் பிள்ளை” என்றேன்.

மேபல் படிவத்தை நின்றபடியே இரண்டு தரம் வாசித்தாள்.

“என்னைக் கேக்காமலே எனக்கொரு தங்கச்சியைப் பெத்துக் கொண்டந்திருக்கிறியள். இவ ஆரெண்டு உங்களுக்குத் தெரியுமோ?”

“தெரியாது.”

“கேட்டனீங்களோ?”

“கேக்கேல்ல.”

வாசலிலேயே நின்ற அருள்நாயகி, “கேளுங்கோ அக்கா, சொல்லுறன்” என்றாள்.

மேபல் அவளுடைய காலைப் பார்த்தாள். பிறகு முகத்தை. சமையலறையில் சோறு அடிப்பிடித்து மணந்தது. ஒருவரும் போய் இறக்கவில்லை.

“உன்ர அம்மான்ர பேர் என்ன?”

“தையல்நாயகி.”

“அவ என்ர அம்மான்ர தங்கச்சி. சைவத்தில கட்டி, பேரையும் மாத்திக்கொண்டு போனவ. விளங்குதோ? எங்களைத் தனித்தனியா வச்சுக் கேட்டாலும் இதுதான்.” இருந்து எழுதத் தொடங்கினாள். உறவு என்ற இடத்தில் பேனை கொஞ்சம் நின்றது. எழுதி, கையெழுத்தும் வைத்தாள். “வேற ஒண்டும் எனக்குச் சொல்லாத. தெரிஞ்சா என்னால பொய் சொல்ல ஏலாது.”

அப்போதுதான் றெஜினா பள்ளிக்கூடத்தால் வந்தாள். சப்பாத்தைக் கழற்றவும் விடாமல் மேபல் அவளைப் பிடித்து நிறுத்தினாள்.

“இவ உன்ர சின்னம்மா. ஆர் கேட்டாலும்.”

“உண்மையான சின்னம்மாவோ?”

“ஆர் கேட்டாலும் எண்டனான்.”

பதினொரு வயதுப் பிள்ளை யோசித்தாள். “பள்ளிக்கூடத்தில சிஸ்டர் கேட்டாலும்?”

“கேட்டாலும்.”

“பாவசங்கீர்த்தனத்தில ஃபாதரிட்டயும்?”

மேபல் பேனையை மூடி வைத்தாள். “அப்பாவிட்டக் கேள்” என்றாள்.

மகள் என்னைப் பார்த்தாள். நான் படிவத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஐந்து மணிக்கு நிறைய நேரம் இருந்தும், வெளியே இறங்கி நடந்தேன்.