பின் சீட்டு இல்லாத பல்சர்

சாமைக் காட்டில் குனிந்திருந்த செழியனுக்கு முதலில் சத்தம்தான் கேட்டது.

கிர்ர்ர்ர்ர்!

நிமிர்ந்தான். கொட்டாம்பாறையில் கிரைண்டர் மிஷின் இருப்பது ஒரே ஒரு வீட்டில். அவனுடைய அண்ணன் வேடியப்பன் நேற்றுதான் அதைக் கள்ளக்குறிச்சியிலிருந்து மலைக்கு ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். கூடவே ஒரு வெல்டிங் மிஷின். எதற்கு என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

அண்ணன் வீட்டில் அறுப்பதற்கென்று இருக்கும் இரும்பு ஒன்றே ஒன்றுதான்.

அரிவாளைப் போட்டுவிட்டு ஓடினான்.

அவன் வந்து சேர்வதற்குள் வேலை முடிந்திருந்தது. பல்சர் பைக்கின் பின்பாதி மண்ணில் கிடந்தது. சீட்டு, கைப்பிடிக் கம்பி, மட்கார்டு, அதையெல்லாம் தாங்கிய சேசிஸ் குழாய்கள். அறுபட்ட இடத்தில் இரும்பு பளபளத்தது.

“அண்ணே! இன்னா பண்ணிட்ட?”

வேடியப்பன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான். “பாபர்.”

“இன்னாது?”

“பாபர் வண்டி. ஒரே ஆளு ஓட்டறது. பின்னாடி ஒண்ணும் இருக்காது. பெங்களூர்ல பசங்க பண்ணிக்கினு சுத்தறானுங்க, பாத்ததில்ல?”

“உனுக்கு முப்பத்தெட்டு வயசாவுது!”

“வண்டிக்குப் பதினாலுதான்.”

வேலிக்கு அந்தப் பக்கம் செல்லியம்மாள் எட்டிப் பார்த்தாள். ஊரில் எது நடந்தாலும் முதல் ஆளாக எட்டிப் பார்ப்பது அவள் வழக்கம். “வாலறுத்த கெடா மாதிரி இருக்குதுடா வேடி. சந்தைக்கு ஓட்டிக்கினு போ. கறி எவ்ளோ தேறும்னு கேப்பானுங்க.”

யாரும் சிரிக்கவில்லை. செழியனின் மனைவி நர்மதா ஒட்டியிருந்த தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கை கதவு நிலையில். இன்னொரு கை வயிற்றில். அவளுக்கு இது ஒன்பதாவது மாதம்.

அவள் வயிற்றைச் செழியன் பார்த்தான். பிறகு தரையில் கிடந்த சீட்டைப் பார்த்தான்.

கொட்டாம்பாறையில் நாற்பது வீடு. தார் ரோட்டைத் தொட ஆறு கிலோமீட்டர் பாறைப் பாதை. அதில் ஜீப் வருவது புதன்கிழமை ஒருநாள்தான். போன் சிக்னலுக்கு ஒரு குன்று ஏற வேண்டும்; ஏறி, பேசி, இறங்கும் நேரத்தில் பாதி மலை இறங்கிவிடலாம். அதனால் யாருக்காவது முடியவில்லை என்றால் வேடியப்பனின் பல்சர்தான். மற்ற வண்டிகள் மூன்று பேரை ஏற்றினால் முனகும். இது முனகாது.

அதற்கு ஒரு முறை இருந்தது. நோயாளி நடுவில். துண்டால் ஓட்டுபவனோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். பின்னால் ஒரு ஆள் தாங்கிப் பிடித்துக்கொள்வான். இறக்கத்தில் பதினொரு வளைவு. ஓட்டுபவன் திரும்பிப் பார்க்க முடியாது. பார்த்தால் மூவரும் பள்ளத்தில். எனவே ஒவ்வொரு வளைவிலும் பின்னாலிருப்பவன் ஓட்டுபவனின் தோளில் ஒரு தட்டு தட்டுவான். ‘இருக்கிறார், போ’ என்று அர்த்தம். இரண்டு தட்டு என்றால், நிறுத்து.

ஐந்து வருடத்தில் பதினொரு பேரை அப்படி இறக்கியிருந்தார்கள். முன்னால் வேடியப்பன், பின்னால் செழியன். பத்துப் பேர் நடந்து ஊர் திரும்பினார்கள்.

பதினொன்றாவது ஆள் வேடியப்பனின் மனைவி கலையரசி. போன வருடச் சாமை அறுப்பில்.

*

வேலை பன்னிரண்டு நாள் நடந்தது.

கள்ளக்குறிச்சியில் பகலவனின் கிரில் பட்டறையில் எட்டு வருடம் வெல்டராக இருந்தவன் வேடியப்பன். பகலவன்தான் மிஷின் இரண்டையும் கொடுத்தனுப்பியிருந்தான். மலையில் கரண்ட் காலை பத்து மணிக்குமேல் கொஞ்சம் தெம்பாக வரும். அந்த நேரத்தில் வெல்டிங். மற்ற நேரத்தில் அரம், உப்புத்தாள், பெயின்ட்.

அறுத்த குழாய்களின் வாயை அடைக்க, ஒரு கம்பியை லாடம் போல வளைத்துப் பற்றவைத்தான். மட்கார்டைப் பாதியாக வெட்டி டயரை ஒட்டி இறக்கினான். பேட்டரியை இன்ஜினுக்குப் பக்கத்தில் ஒரு தகரப் பெட்டிக்குள் தள்ளினான். பழைய சைக்கிள் சீட்டு ஸ்பிரிங் இரண்டு, அதன்மேல் தகரம், அதன்மேல் பஞ்சு, அதன்மேல் கறுப்பு ரெக்சின். ஒரு ஆள் உட்காரலாம். அந்த ஆளும் ஒல்லியாக இருக்க வேண்டும்.

பின்னால் உட்காருபவர் கால் வைக்கும் ஃபுட்ரெஸ்ட் இரண்டையும் கழற்றினான். கழற்றியதோடு விடவில்லை. அவை மாட்டியிருந்த பட்டையையும் அறுத்து எறிந்தான்.

ஊர் பேசியது. பொண்டாட்டி போன பிறகு அவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றார்கள். செல்லியம்மாள் தினமும் வந்து பார்த்துவிட்டுப் போனாள். “போலீசு புடிச்சா இன்னா சொல்லுவ?”

“கெடான்னு சொல்றேன் அத்தை.”

செழியன் அண்ணனிடம் பேசுவதையே நிறுத்தியிருந்தான். வாசலைக் கடக்கும்போது எச்சில் துப்பினான். அண்ணனின் வாசலில் அல்ல. பக்கத்தில்.

எட்டாம் நாள் நர்மதா வந்தாள். கையில் ஒரு சொம்பு கூழ். கல்லின் மேல் மெதுவாக உட்கார்ந்தாள். வேடியப்பன் கம்பியைத் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

“மாமா, ஒண்ணு கேக்கட்டா?”

“கேளு.”

“எனுக்கு வலி வந்தா நான் எதுல போறது?”

உப்புத்தாள் நின்றது.

“வலி வர்ற வரைக்கும் இங்க இன்னாத்துக்கு இருக்கற?”

“நர்சம்மாவும் அதான் சொன்னாங்க. பத்து நாளு முன்னாடியே எறங்கிடு, கீழ கருணாபுரத்துல உங்க அக்கா வூட்டுல இருந்துக்கோன்னு. எழில்மதி அக்காவும் வா வான்னு கூப்புட்டுக்கினேதான் இருக்குது.” அவள் புடவை முந்தியை விரலில் சுற்றினாள். “உங்க தம்பிதான் உடல. அறுப்பு முடியட்டும், ஒத்தை ஆளா முடியாது, நீ சோறாவது ஆக்கிப் போடுன்னாரு. வண்டிதான் இருக்குதே, வலி எடுத்தா ஒன்ற மணி நேரம்னாரு.”

வேடியப்பன் அவளை நிமிர்ந்து பார்த்தான்.

“இப்ப வண்டி இருக்குதா?”

அவள் அந்தக் குட்டை வண்டியைப் பார்த்தாள். ஒற்றைச் சீட்டைப் பார்த்தாள். நீண்ட நேரம் பார்த்தாள். முகத்தில் ஏதோ மாறியது.

“மாமா... நீங்க இதுக்குத்தான்...”

“கூழு ஆறிப்போச்சு. எடுத்துக்கினு போயி சூடு பண்ணிக் குடி.”

*

பன்னிரண்டாம் நாள். செவ்வாய்க்கிழமை மத்தியானம்.

செழியன் வந்தான். தோளில் ஒரு ஆங்கிள் இரும்பு, கையில் நான்கு போல்ட், கக்கத்தில் அந்தப் பழைய சீட்டு. எல்லாவற்றையும் அண்ணன் காலடியில் போட்டான். டணாரென்று சத்தம்.

“பத்த வையி.”

“முடியாது.”

“நம்ம சண்டை அப்பால. அவளுக்கு இன்னும் எட்டு நாளோ ஒம்போது நாளோதான். இந்த ஆங்கிள ரெண்டு பக்கமும் பத்த வச்சி சீட்டக் கட்டு. அவ பொழைச்சு வந்ததும் நீ மறுபடியும் அறுத்துக்க. சீலை தொவைக்கிற கல்லா ஆக்கிக்க. எனுக்கு இன்னா?”

“முடியாதுடா.”

செழியன் அண்ணனின் சட்டையைப் பிடித்தான். முப்பத்திரண்டு வயதில் முதல்முறை.

“உன் பொண்டாட்டி செத்தா எம் பொண்டாட்டியும் சாவணுமா?”

வேலிக்கு அப்பால் செல்லியம்மாளின் தலை தெரிந்தது. அடுத்த நொடி மறைந்தது. அவளால்கூட நிற்க முடியவில்லை.

வேடியப்பன் சட்டையை விடுவித்துக்கொள்ளவில்லை. குரல் மட்டும் கீழே இறங்கியது.

“கலைக்கு வவுத்து வலி எப்ப வந்துச்சு?”

“இப்ப இன்னாத்துக்கு அது?”

“சொல்லு. எப்ப வந்துச்சு?”

“...வியாழக்கெழம.”

“நாம எப்ப எறக்குனோம்?”

செழியன் கண்ணைத் தாழ்த்தினான்.

“சனிக்கெழம. ரெண்டு நாளு. போலாம் வாடின்னேன். அறுப்பு கெடக்குது, வலி கம்மியாயிடும், ஜாஸ்தியானா வண்டிதான் இருக்குதேன்னா. நானும் சரின்னேன். வண்டி இருக்குதேன்னு நானும்தான்டா நெனைச்சேன். இந்த இரும்பு வாசல்ல நின்னுக்கினு இருந்ததால ரெண்டு நாளு நாங்க பயப்படவே இல்ல.” அவன் மூச்சு வாங்கினான். “ஊருல எல்லாரும் அப்படித்தான் கெடக்கறாங்க. நீ இப்ப அதையேதான் உன் பொண்டாட்டிகிட்ட சொல்லிக்கினு இருக்கற. அதே வார்த்தை.”

செழியனின் பிடி தளர்ந்தது.

“அதான் அறுத்தேன். பாபரும் கெடையாது, ஒரு மயிரும் கெடையாது. உள்ளதச் சொல்லியிருந்தா கேட்டிருப்பியா? போண்ணே, உனுக்குப் பைத்தியம்னு சொல்லியிருப்ப.”

இருவரும் வண்டியின் இரண்டு பக்கமும் நின்றார்கள். வேடியப்பன் தரையில் கிடந்த சீட்டைப் பார்த்தபடி தொடர்ந்தான். யாரிடமும் சொல்லாததை.

“ரெண்டு நாளுகூட மனசு ஆறிடும். அந்த ரெண்டு நிமிஷந்தான் ஆறல. மலை எறங்குனதும் அணைகிட்ட வண்டிய நிறுத்துனேனே. பகலவனுக்குப் போன் பண்ண. ஆஸ்பத்திரில ஆளு நிறுத்தி வையின்னு சொல்ல. ரெண்டு நிமிஷம் பேசினேன். இன்ஜினக்கூட அணைக்கல. கலை, இதோ வந்துட்டோம்டின்னேன். நீ தட்டுன. அது வரைக்கும் அவ இருந்தா. அப்பறம் ஆஸ்பத்திரிக்குப் போனா, வழியிலயே முடிஞ்சுதுன்னாங்க. நிறுத்தாம போயிருந்தா—”

“அண்ணே.”

“நிறுத்தாம போயிருந்தா இருந்திருப்பா.”

“அண்ணே, நிறுத்து.”

செழியன் தரையில் உட்கார்ந்துவிட்டான். போல்ட்டுகளுக்கு நடுவில்.

“ஏழாவது வளைவு.”

“இன்னா?”

“ஏழாவது வளைவுலயே அண்ணி போயிட்டாங்க. என் கை அவங்க நெஞ்சுமேலதான் இருந்துச்சு. நின்னு போச்சு. தலை உன் தோள்ல சாஞ்சுது. நீ பேசிக்கினே ஓட்டற. ரெண்டு தட்டு தட்டலாம்னு கையத் தூக்குனேன். ஒரு பக்கம் பள்ளம். நீ திரும்பிப் பாப்பன்னு தெரியும்...” அவன் உள்ளங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டான். “ஒரு தட்டு தட்டுனேன். எட்டாவதுலயும் தட்டுனேன். பதினொண்ணு வரைக்கும் தட்டுனேன். அணைகிட்டயும் தட்டுனேன்.”

எங்கேயோ ஒரு கோழி கூவியது. நேரம் கெட்ட நேரத்தில்.

வேடியப்பன் தன் இடது தோளைத் தொட்டுப் பார்த்தான். ஒரு வருடமாக அங்கே இருந்த ஒன்றைத் தேடுவது போல.

“அப்ப அந்த ரெண்டு நிமிஷம் இல்ல.”

“இல்லண்ணே.”

“ரெண்டு நாளுதான்.”

செழியன் தலையைத் தூக்கவில்லை.

பிறகு எழுந்தான். ஆங்கிளையும் போல்ட்டையும் பொறுக்கினான். சீட்டை எடுக்கவில்லை. தன் வீட்டுக்குள் போனான். உள்ளே அவன் குரல் கேட்டது.

“நர்மதா, நாளைக்கு ஜீப்பு வரும். பைய எடுத்து வையி.”

“அறுப்பு?”

“கெடக்கட்டும் போ.”

*

புதன்கிழமை காலை ஜீப் வந்தது. நர்மதாவை முன் சீட்டில் டிரைவர் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். செல்லியம்மாள் ஒரு பை நிறையத் தினை மாவைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தாள். “ஆம்பளப் புள்ளையா பொறந்தா பாபர்னு பேரு வெச்சிராதீங்கடி” என்றாள். நர்மதா சிரித்தாள். பிறகு அழுதாள்.

செழியன் பின்பக்கம் ஏறிக்கொண்டான். திறந்த பின்பக்கம். மரவள்ளி மூட்டைகளுக்கு நடுவே, ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தான்.

வேடியப்பன் வண்டியை மிதித்தான். முதல் மிதியிலேயே பிடித்துக்கொண்டது. மிஷின்களை ஒப்படைப்பதைப் பற்றிப் பகலவனிடம் பேச வேண்டும் என்று சொல்லிக்கொண்டான். யாரும் கேட்காமலே.

ஜீப் முன்னால். அவன் பின்னால். பாறைப் பாதையில் தாழ்ந்த வண்டி இரண்டு இடத்தில் அடி தட்டியது. தார் ரோடு வந்ததும் வழுக்கிக்கொண்டு போனது. நல்ல வண்டிதான். பின்னால் பாரம் இல்லை. முதுகில் சூடு இல்லை. காற்று சுற்றி வந்து முதுகில் ஒட்டியது.

இறக்கம் ஆரம்பித்தது.

முதல் வளைவு. அவன் தோள் தானாக விறைத்தது. பழக்கம். ஒரு தட்டுக்காகக் காத்திருந்தது.

டப்.

நிமிர்ந்தான். ஜீப்பின் பின்தகரத்தில் செழியன் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டியிருந்தான். அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டாவது வளைவு. டப். நர்மதா இருக்கிறாள்.

மூன்று. நான்கு. ஐந்து. ஒவ்வொன்றிலும் ஒரு தட்டு. ஆறாவதில் எதிரே ஒரு பஸ் ஏறி வந்தது, ஒதுங்கி வழிவிட்டார்கள். அந்த இரைச்சலிலும் கேட்டது. டப்.

ஏழாவது வளைவு.

செழியனின் கை உயர்ந்தது. உயர்ந்தபடியே நின்றது. தட்டவில்லை.

வேடியப்பன் பிரேக் பிடித்தான். ஜீப் வளைந்து மறைந்தது. அண்ணனைப் பார்த்தபடியே, தூக்கிய கையோடு, செழியனும் மறைந்தான்.

இன்ஜினை அணைத்தான். ஒரு பக்கம் பாறை. ஒரு பக்கம் பள்ளம். கைப்பிடிச் சுவரில் வெள்ளைப் பெயின்டில் ஏழு என்று எழுதியிருந்தது. எத்தனையோ தடவை கடந்துபோன இடம். ஒருதடவைகூட நிறுத்தியதில்லை.

அன்றைக்கு இங்கே அவளிடம் என்ன பேசிக்கொண்டிருந்தோம் என்று யோசித்தான். ஞாபகம் வந்தது. கள்ளக்குறிச்சியில் ஒரு வாரம் தங்கிவிட்டே வரலாம், அவள் ஆசைப்பட்ட அந்தப் பச்சைப் புடவையை வாங்கித் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவள் பதில் சொல்லவில்லை. வலியில் இருக்கிறாள் என்று நினைத்தான்.

கையைப் பின்னால் நீட்டினான். சீட்டு முடிந்த இடத்தில் கம்பி. கம்பி முடிந்த இடத்தில் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத இடத்தில் கையை வைத்தபடி இருந்தான்.

பிறகுதான் அழுதான். ஒரு வருடம் கழித்து.

கீழே, மலைக்கு அந்தப் பக்கம், எட்டாவது வளைவில் ஜீப் திரும்பும் சத்தம் கேட்டது. அதோடு சேர்ந்து, மெல்லியதாக, ஒரே ஒரு தட்டு.

டப்.