ஒக்கலிபுரத்துக்கு ஒரு செட்

தனக்கோடி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவள். போன மழையில் ஒக்கலிபுரத்தில் அவள் தெருவுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றபோது செல்போன் ஒன்றிலும் சிக்னல் இல்லை. உதவி கேட்க வழியில்லாமல் விடிய விடிய கட்டில்மேல் நின்றார்கள். அதற்காகவே பேரிடர் வானொலித் தொண்டர் குழுவில் சேர்ந்து, முட்டி மோதி லைசென்ஸ் பரீட்சையும் தேறினாள்.

குழுவிடம் மிச்சமிருந்தது ஒரே ஒரு வாக்கி-டாக்கி செட். ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையில் அவள் தேறினால் அது அவள் தெருவுக்கு. இல்லையென்றால் குழுத் தலைவர் டென்சிலின் அடுக்குமாடிக்கு. அவர் வீடு ஒன்பதாவது மாடி. அங்கே தண்ணீர் ஏறுவதற்குள் பாதி பெங்களூர் முழுகியிருக்கும்.

டென்சிலின் சட்டையில் பத்துப் பன்னிரண்டு பாக்கெட். பேரிடர் பற்றிப் பத்து வருடமாகப் பேசுகிறார். ஒரு மழையிலும் முழங்கால் நனைந்ததில்லை.

"இது மார்க்கெட் இல்லம்மா, செட்ல கத்தக் கூடாது," என்றார் காலையில்.

"மார்க்கெட்ல கத்துனா லாரியாவது நகரும் சார்."

தொண்டர்கள் ஏழு பேரும் ஆளுக்கொரு இடத்துக்குப் போனார்கள். மிச்சமிருந்த அந்தச் செட்டோடு தனக்கோடிக்கு ரயில்வே பாலத்தடி. 'பன்னிரண்டு பேர் சிக்கியிருக்கிறார்கள், ஒருத்தி கர்ப்பிணி' என்ற செய்தியைத் தொம்மலூரில் கண்ட்ரோலில் இருக்கும் வீணாவுக்குச் சொல்ல வேண்டும். பட்டனை அமுக்கப் போனாள். செட்டுக்குள் டென்சிலின் குரல்.

"மூட்டை தூக்குற பொம்பளை கையில செட்டைக் குடுத்தா வித்துத் தின்னுடுவா மச்சான். இன்னொரு வடை சொல்லு."

ஓட்டலில் உட்கார்ந்திருக்கிறார். செட்டைப் பின் பாக்கெட்டில் செருகுகிற ஆள், பட்டன்மேலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் எழுந்திருக்கும்வரை அந்தச் சேனலில் வேறு யார் பேச்சும் போய்ச் சேராது. அடுத்து, தொண்டர்களில் ஒருவனான பரத்தின் இங்கிலீஷைப் பிய்த்துப் போட ஆரம்பித்தார்.

தனக்கோடிக்குக் காது கொதித்தது. ஆனால் முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம்: சேனல் அடைத்தால் இரண்டாம் சேனலுக்குப் போ. குமிழைத் திருப்பினாள். அங்கே வீணா மட்டும் காத்திருந்தாள். தனக்கோடி செய்தியைச் சொன்னாள், வீணா அதை அப்படியே திருப்பிச் சொன்னாள். முடிந்தது. மற்ற ஆறு பேரும் தங்களைப் பற்றி என்ன வரும் என்று முதல் சேனலிலேயே காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

மத்தியானம் எல்லாரும் தொம்மலூரில் கூடினார்கள். "டெக்னிகல் ப்ராப்ளம். ஒத்திகை செல்லாது," என்றார் டென்சில்.

"வடை மொத்தம் நாலு சார்," என்றான் பரத்.

சிரிப்பு அடங்கவில்லை. டென்சிலின் கழுத்து சிவந்தது. "வேணும்னேதான் பண்ணேன். சேனல் அடைச்சா என்ன பண்றீங்கன்னு பாக்கத்தான் அந்த டெஸ்ட்."

தனக்கோடி செட்டைக் கீழே வைக்கவில்லை. "அப்போ அந்த டெஸ்ட்ல பாஸானது யாரு சார்?"

வீணா பதிவு நோட்டைத் திருப்பி அவர் முன்னால் தள்ளினாள். அன்றைய பக்கத்தில் ஒரே ஒரு வரி, தனக்கோடி சொன்ன செய்தி. டென்சில் அதை ரொம்ப நேரம் படித்தார்.

தனக்கோடி மேசையிலிருந்த சார்ஜரை எடுத்துக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"கவலைப்படாதீங்க சார். புடவைக்குப் பின் பாக்கெட் கிடையாது."