துரை எழுந்திருக்க மாட்டார்

துரை ஒரு பூனை. பழுப்பு நிறம், அகன்ற முகம், தரையைத் தொடும் தொந்தி. நாள் முழுக்கச் சோபாவின் நடுவில் படுத்திருப்பார். ஆமாம், படுத்திருப்பார்தான். அந்த வீட்டில் அவரை 'அது, இது' என்று யாரும் பேசிவிட முடியாது, அக்கா சண்டைக்கு வருவாள். சாப்பாடு சோபாவுக்கே வரும். தண்ணீர்க் கிண்ணமும் எட்டும் தூரத்தில்தான் இருக்கும்.

அதே சோபாவின் ஓரத்தில் அக்காவின் தம்பி உட்கார்ந்திருந்தான். நாற்பதைத் தாண்டியவன். சுவருக்கு வண்ணம் அடிப்பது தொழில் என்பதால் எல்லோருக்கும் அவன் பெயிண்டர். ஒரு பள்ளிக்கூடத்தின் வெளிச்சுவரில் வேலை செய்துகொண்டிருந்தபோது ஏணி சறுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்து, உள்ளே தகடு வைக்க வேண்டியதாயிற்று. மருத்துவமனையிலிருந்து அக்கா அவனை நேரே தன் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டாள். எலும்பு கூடி வெகுநாளாகிவிட்டது. "நல்லா நடங்க, கொஞ்சம் கொஞ்சமா வேலைக்குப் போங்க" என்று எலும்பு டாக்டரே சொல்லிவிட்டார். அக்காவிடம் அந்தப் பேச்சு எடுபடவில்லை.

"டாக்டருக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவாரு. விழுந்தா தூக்கறது யாரு? நீ உக்காரு."

அவனும் உட்கார்ந்தான். முதலில் வலிக்குப் பயந்து, பிறகு அக்காவுக்குப் பயந்து, அதற்கும் பிறகு பழகிப்போய்.

துரையின் முதுகில் ரோமம் சிக்குப் பிடித்துக் கட்டி கட்டியாகத் தொங்க ஆரம்பித்தது. அக்கா அஞ்சலகத்தில் வேலை பார்ப்பவள். அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு ஒரு கையில் பூனைக்கூடையும் மறு கையில் தம்பியின் முழங்கையுமாக விலங்கு மருத்துவமனைக்குக் கிளம்பினாள். வீட்டில் தனியாக விட்டால் அவன் எதையாவது தூக்குவான் என்று அவளுக்குப் பயம்.

டாக்டரம்மா துரையை எடை மேடையில் வைத்துப் பார்த்தார். வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

"நோயெல்லாம் ஒண்ணும் இல்ல. தொந்தி தடுக்குது, முதுகை நக்க முடியல. அதான் சிக்கு. சாப்பாட்டை மெதுவா, நான் சொல்ற கணக்குல குறைங்க, திடீர்னு பட்டினி போட்டுடாதீங்க, பூனைக்கு அது ஆபத்து. முக்கியமா விளையாட வைங்க."

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "எங்க துரை ஓடி ஆடற ரகம் இல்லைங்க. பிறவியிலேயே சாது."

"எந்தப் பூனையும் பிறவியில சாது இல்லம்மா. நீங்க உக்கார வச்சிருக்கீங்க. இப்படியே விட்டா மூட்டு போகும், சர்க்கரை வரும்."

பெயிண்டர் நிமிர்ந்தான். டாக்டரம்மா பூனையைத்தான் சொன்னார். ஆனாலும் அவனுக்குச் சுருக்கென்றது.

மறுநாள் அக்கா வேலைக்குக் கிளம்பியதும் ஒரு ரப்பர் பந்தைத் துரையின் முன்னால் உருட்டிவிட்டான். துரை பந்தைப் பார்த்தார். அழையாமல் வந்த விருந்தாளியைப் பார்ப்பதுபோல அவனையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பழைய பிரஷ் கைப்பிடியில் கயிறு கட்டி, நுனியில் இறகுகளைச் செருகி, மூக்குக்கு நேராக ஆட்டினான். துரை கொட்டாவி விட்டார். அந்த வாரம் முழுக்க இதே கதை. பூனை அசையவில்லை, அவனுக்குக் கைதான் வலித்தது.

வேறொருவனாக இருந்தால் கயிற்றைச் சுருட்டி வைத்திருப்பான். பெயிண்டருக்கோ ரோஷம் வந்துவிட்டது. "நீயா நானான்னு பாத்துடலாம்டா" என்று துரையிடமே சொல்லிவிட்டு டாக்டரம்மாவுக்கு போன் போட்டான்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "மூஞ்சிக்கு நேரா ஆட்டினா யாருக்குப் பிடிக்கும்? எந்த எலியாவது பூனைகிட்ட வந்து என்னைப் பிடின்னு நிக்குமா? விலகி ஓடணும், ஒளியணும், நின்னு நின்னு போகணும். கொஞ்ச நேரம் ஆடினா போதும். கடைசியில பிடிக்க விடுங்க, பிடிச்சதும் ஒரு வாய் சாப்பாடு குடுங்க. அதுக்கும் ஜெயிச்ச மாதிரி இருக்கணும் இல்ல?"

இறகு விலகி ஓட வேண்டுமென்றால் அதை இழுத்துக்கொண்டு ஒருவர் ஓட வேண்டும். அவன் எழுந்தான். சோபாவைச் சுற்றினான், மேசைக்கடியில் மண்டியிட்டான், திரைச்சீலைக்குப் பின்னால் இறகை நுழைத்து விளிம்பில் மட்டும் எட்டிப் பார்க்க வைத்தான். இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. பல்லைக் கடித்துக்கொண்டான். விழுந்த நாளிலிருந்து அவன் மண்டியிட்டதே இல்லை. இன்று மண்டியிட்டான், எழவும் எழுந்தான், ஒன்றும் உடைந்துவிடவில்லை.

ஒரு நாள் இறகு கால்மிதியடிக்கடியில் போய் மறைந்தபோது துரையின் கண்மணி அகன்றது. காது முன்னால் வந்தது. அந்தப் பெரிய பின்பக்கம் இப்படியும் அப்படியும் ஆடியது. பெயிண்டர் மூச்சை அடக்கிக்கொண்டான். தொப்பென்று ஒரு சத்தம். துரை சோபாவிலிருந்து இறங்கி இரண்டு கைகளாலும் மிதியடியை அமுக்கிக்கொண்டிருந்தார்.

"அப்படிப் போடு!" என்று கத்தினான் பெயிண்டர். வீட்டில் வேறு ஆளில்லாததால் பூனைக்கே கை கொடுத்தான். பிறகு கொறிக்கும் தீனியில் கொஞ்சம் எடுத்து நாற்காலிமேல் வைத்தான். துரை ஏறிப் போய்த் தின்றார்.

அதற்குப் பிறகு அவனை யாராலும் பிடித்து வைக்க முடியவில்லை. தீனியை அட்டைப்பெட்டிக்குள் ஒளித்தான், ஜன்னல் விளிம்பில் வைத்தான். சுவரில் துரை ஏறுவதற்குப் படிபோலப் பலகைகள் அடிக்கலாம் என்று தோன்றியது. முக்காலிமேல் ஏறி நின்று டிரில்லால் சுவரைத் துளைத்துக்கொண்டிருந்தபோதுதான் கதவு திறந்தது. தலைவலி என்று அக்கா சீக்கிரம் வந்துவிட்டாள்.

"இறங்குடா!"

"இதோ, ஒரு ஸ்க்ரூ அக்கா."

"இறங்குன்னு சொல்றேன்ல!"

இறங்கினான். பிரஷ் கைப்பிடி, கயிறு, இறகு எல்லாவற்றையும் அள்ளிக் குப்பைக்கூடையில் போட்டாள். "பைத்தியமா உனக்கு? ஒரு தடவை விழுந்தது போதாதா?"

பெயிண்டர் குனிந்தான். குப்பைக்கூடையிலிருந்து கயிற்றை எடுத்தான், தூசியைத் தட்டினான், அவள் கண்ணெதிரிலேயே தரையில் இழுத்தான். "பாரு, உன் சாது என்ன பண்றார்னு பாரு."

துரை ஒன்றும் பண்ணவில்லை. சோபாவில் புரண்டு படுத்தார். டிரில் சத்தத்தில் அவருக்கு மனநிலை கெட்டுப்போயிருந்தது.

"பாத்தாச்சு" என்றாள் அக்கா.

அவனுக்கு மானம் போனதுபோல இருந்தது. ஆனாலும் கயிற்றைக் கீழே போடவில்லை. "இன்னிக்கு வரல. நாளைக்கும் இழுப்பேன், நாளன்னிக்கும் இழுப்பேன். ரெண்டு பேரையும் உக்கார வச்சே கொன்னுடுவ நீ. அது பூனை, அதுக்கு வாய் இல்ல. எனக்கு இருக்கு. நான் வேலைக்குப் போகப் போறேன்."

அக்கா பேச்சை நிறுத்திவிட்டாள். அன்றிலிருந்து எல்லாச் சேதியும் துரை வழியாகத்தான். "துரை, உங்க மாமாகிட்டச் சொல்லு, சாப்பாடு மேசைமேல இருக்கு." அவனும் விடவில்லை. "துரை, உங்கம்மாகிட்டச் சொல்லு, மாமாவுக்குக் கால் இருக்கு, தானே போய் எடுத்துப்பார்." துரை இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சேதியைத் தன்னோடு வைத்துக்கொண்டார்.

பெயிண்டர் மீதிப் பலகைகளையும் அடித்து முடித்தான். அக்கா சமையலறையில் பாத்திரங்களை உருட்டினாள், ஆனால் முக்காலியைப் பிடுங்கவில்லை.

ஒரு மாலை அக்கா தேநீரோடு சோபாவில் உட்கார்ந்திருந்தாள். துரை கீழே அட்டைப்பெட்டிக்குள் பதுங்கியிருந்தார். பெயிண்டர் இறகைச் சோபாவின் பின்னால் இழுத்து, திரைச்சீலையில் மேலேற்றினான். பெட்டி புரண்டது. துரை அக்காவின் மடியில் ஒரு கால் வைத்து, தோளில் ஒரு கால் வைத்து எம்பி, திரைச்சீலையைக் கம்பியோடு கீழே கொண்டுவந்தார். தேநீர் ஒரு பக்கம், கோப்பை ஒரு பக்கம். துணிக்குவியலின் நடுவிலிருந்து இறகைக் கவ்விய முகம் ஒன்று வெளியே வந்தது.

"அடப்பாவி!" என்றாள் அக்கா. பிறகு சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். சிரிப்பு எங்கேயோ அழுகையாகத் திரும்பியதைப் பெயிண்டர் கவனித்தான். பக்கத்தில் உட்கார்ந்தான்.

"உங்க மாமாவும் இப்படித்தான் ஒரு இடத்துல இருக்கமாட்டார்" என்றாள். இந்த மாமா அவள் கணவர். பேருந்து நிறுத்தத்தில் நின்றபடியே மாரடைப்பில் போனவர். "அன்னிக்குக் காலையில நெஞ்சு ஒரு மாதிரியா இருக்குன்னார். போகாதீங்கன்னு நான் இன்னும் அழுத்திச் சொல்லியிருந்தா..."

"நீ சொன்னேக்கா. அழுத்தித்தான் சொன்னே. அவர் கேக்கல." கொஞ்சம் நிறுத்தினான். "நானும் கேக்கமாட்டேன். ஆனா எனக்கு நெஞ்சுல ஒண்ணும் இல்ல. டாக்டர் போகச் சொல்லித்தான் போறேன்."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். திரைச்சீலையை எடுத்துக் கிழிசலைப் பார்க்க ஆரம்பித்தாள்.

வாரம் பிறந்ததும் பெயிண்டர் வண்ணம் தெறித்த பழைய கால்சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினான். கூட்டாளி ஒரு வீட்டின் உள்சுவர் வேலை பிடித்திருந்தான். கூரையைக் கூட்டாளி பார்த்துக்கொள்வது, எட்டும் சுவரை இவன் பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடு. மதியத்துக்குப் பிறகு ஜன்னலுக்கு மேலே, இரண்டு வண்ணம் சேரும் இடத்தில், கோடு பிடிக்க வேண்டியிருந்தது. கூட்டாளி ஏணியை நோக்கி நடந்தான்.

"நில்லு. அதை நான் பாத்துக்கறேன்."

"உங்கக்கா என்னை உரிச்சு எடுத்துடுவாங்கப்பா."

"என்னைத்தான் முதல்ல உரிப்பா. நீ ஏணியை மட்டும் பிடி."

ஏறினான். உள்ளங்கை வேர்த்தது, இடுப்பு முனகியது. ஜன்னலுக்கு மேலே கோடு நேராக விழுந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு நொண்டிக்கொண்டேதான் வந்தான். கதவைத் திறந்த அக்கா அவன் நடையைப் பார்த்தாள். அலமாரியின் உச்சியிலிருந்து துரை இறங்கி வந்து அவன் செருப்பை முகர்ந்தார். மெலிந்துவிடவில்லை அவர், தொந்தி இன்னும் இருந்தது. தரையைத் தொடவில்லை, அவ்வளவுதான்.

அவன் உட்கார்ந்ததும் அக்கா வெந்நீர்ப் பையைக் கொண்டுவந்து அவன் மடியில் போட்டாள்.

"நாளைக்கும் போறேன்" என்றான், அவள் கேட்பதற்கு முன்னால்.

"போய்த் தொலை" என்றாள். சமையலறைக்குள் போனவள் அங்கிருந்தே கத்தினாள்: "காலையில சாப்பிட்டுட்டுப் போ!"