வளையல் போடும் நேரம்

லாஸ்பேட்டையில் உள்ள அந்தப் பள்ளியின் ஆசிரியைகள் அறையில் யாருக்காவது வளைகாப்பு என்றால், சிவசங்கரி டீச்சருக்கு உடனே நூலகத்தில் வேலை வந்துவிடும். கணவர் இறந்துபோன பிறகு இப்படித்தான். திருத்த வேண்டிய தாள்களை அள்ளிக்கொண்டு கிளம்பிவிடுவார். எல்லாம் முடிந்ததும் புளிசாதமும் தயிர்சாதமும் தட்டில் வைத்து அங்கேயே அனுப்புவார்கள். யார் மனமும் நோகாமல் காரியம் நடந்துவிடுகிறது என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

இன்று பூர்ணிமாவுக்கு. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மகளைப் போல அவர் பார்த்துக்கொண்ட பெண்.

பள்ளியின் சமத்துவக் குழுவுக்கும் சிவசங்கரிதான் பொறுப்பு. காலைக் கூட்டத்தில், யாரையும் ஒதுக்கக் கூடாது என்று பிள்ளைகளிடம் நன்றாகவே பேசினார். பேசி முடித்த கையோடு, புதிதாக வந்த கணினி ஆசிரியை அறிவுமதியை ஓரமாக அழைத்தார். அறிவுமதி திருநங்கை.

"மத்தியானம் நீயும் என்கூட லைப்ரரிக்கு வந்துடும்மா. அங்க நின்னா உனக்குத்தான் சங்கடம்."

அக்கறையோடுதான் சொன்னார்.

மதியம் அறிவுமதி நூலகத்துக்கு வந்தாள். உட்காரவில்லை.

"நான் அங்க வரக்கூடாதுன்னு யாரு டீச்சர் சொன்னாங்க?"

"யாரும் சொல்லலம்மா."

"உங்கள?"

சிவசங்கரியையும் யாரும் போகச் சொன்னதில்லை. சொல்லும் சிரமத்தைக்கூட யாருக்கும் வைக்காமல் இவரே முந்திக்கொண்டு எழுந்து போயிருக்கிறார். இருங்கள் என்று ஒருத்தரும் தடுக்கவில்லை என்பதும் இப்போதுதான் உறைத்தது. அதே மரியாதையை இந்தப் பெண்ணுக்கும் சொல்லிக்கொடுக்கப் பார்த்திருக்கிறார். வெட்கமாக இருந்தது.

"பூர்ணிமா என்னை நேத்தே கூப்ட்டாங்க. நான் போறேன் டீச்சர். வேணாம்னா அவங்க வாயால சொல்லட்டும், கேட்டுட்டு வரேன்."

அவள் போன பிறகு சிவசங்கரி பேனாவை எடுத்தார், வைத்தார். தன்னிடமும் பூர்ணிமா நேற்று வந்து நின்றாள். வாயைத் திறக்குமுன் "எனக்கு வேலை கெடக்கும்மா" என்று அனுப்பிவிட்டார். இப்போது போய் நின்று, ஆகாது என்று அவளே முகம் சுளித்தால்? அந்த ஒன்றை மட்டும் தாங்க முடியாது. பயத்தோடுதான் எழுந்தார்.

ஆசிரியைகள் அறை வாசலில் போய் நின்றார். அறிவுமதி சுவரோரம் தனியாக நின்றிருந்தாள். சின்னப்பாப்பா டீச்சர் வளையல் தாம்பாளத்தைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"கொழந்த விஷயம் டீச்சர். தப்பா எடுத்துக்காதீங்க."

கடைசியில் சொல்லியே விட்டார்கள். சிவசங்கரி முகத்தில் தானாக ஒரு சிரிப்பு வந்தது. "அதுக்கென்ன, பரவால்ல" என்று திரும்பினார்.

"சிரிக்காதீங்க டீச்சர்" என்றாள் பூர்ணிமா.

சந்தனம் பூசிய கன்னத்தில் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு கைகளையும் நீட்டினாள். ஒரு வளையல்கூட இல்லை.

"ஒரு மணி நேரமா எல்லாரும் திட்றாங்க. நீங்க ரெண்டு பேரும் வராம போட்டுக்க மாட்டேன்னுட்டேன்."

சிவசங்கரியின் சிரிப்பு போய்விட்டது. எல்லோர் முன்னாலும் விசும்பி அழுதார். சின்னப்பாப்பா டீச்சர் தாம்பாளத்தை நகர்த்தித் தரவில்லை. சிவசங்கரியே எட்டி எடுத்துக்கொண்டார்.

"மதி, நீ அந்தக் கையப் புடிம்மா."