ஏழாம் தொட்டியின் பலகை

ஏழாம் தொட்டியின் பலகையில் உமாராணி எழுதியது இவ்வளவுதான்: ‘கூம்புச் சங்கு. கடற்புழுக்களைத் தின்னும். மனிதருக்குத் தீங்கில்லாதது.’ எழுதிய அன்றைக்கு அதைப் பொய் என்று சொல்ல முடியாது, அவசரத்தில் செய்த தப்பு. ஒரு வாரம் கழித்து அவளுக்கு விஷயம் தெரிந்த பிறகும் பலகை அப்படியே தொங்கியதே, அப்போதுதான் அது பொய்யானது.

சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் ஐந்தருவிக்குப் போகிற ரோட்டில் என்னென்னவோ கடைகள் முளைக்கும். வாசுதேவநல்லூர் மணிமுத்து அண்ணாச்சிக்கு மலையடிவாரத்தில் கடலைக் காட்டலாம் என்று யோசனை போயிற்று. தகரக் கொட்டகை போட்டார். தூத்துக்குடியிலிருந்து லாரியில் கேன் கேனாகக் கடல்தண்ணீர் வந்தது, கூடவே மீன், நண்டு, நட்சத்திரமீன், சங்கு. அருவியில் குளித்துவிட்டு ஈரத் துண்டும் கையுமாக வருகிற கூட்டம் டிக்கெட் எடுத்து உள்ளே போகும். இந்த வருஷம் பலகைகளை யாராவது படித்தவர் எழுதினால்தான் மதிப்பு என்று தென்காசியில் கல்லூரி டீச்சரைத் தேடிப் பிடித்தார்.

உமாராணி பதினோரு வருஷமாகக் கௌரவ விரிவுரையாளர். கடல் நத்தைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியவள். ஆனாலும் துறை வாசலில் மாட்டியிருக்கும் ஆசிரியர் பட்டியலில் அவள் பெயர் கிடையாது. அது அவளுக்குள் முள்ளாகக் கிடந்தது. தினமும் அந்தப் பட்டியலைத் தாண்டித்தானே வகுப்புக்குப் போக வேண்டும்.

முப்பத்துநாலு பலகைகளை ஒரே மத்தியானத்தில் எழுதி முடித்தாள். ஏழாம் தொட்டியில் கிடந்த சங்கின் மேல் பழுப்பு நிறத்தில் வலைக்கோடு. நூறு தடவை பார்த்த சாதாரண இனம் என்று நினைத்து எழுதிவிட்டு நகர்ந்துவிட்டாள்.

அடுத்த வாரம் ஒரு பலகையில் எழுத்துப்பிழை திருத்த வந்தபோது அந்தச் சங்கு உடலை வெளியே நீட்டியிருந்தது. மூச்சுக்குழலின் நுனியில் ஆரஞ்சு நிறம், அதைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம். அவள் படித்த எந்தப் புத்தகத்திலும் அப்படி ஒன்று இல்லை. நீண்ட இடுக்கியால் எடுத்து அளந்தாள். நீளம் ஐம்பத்திரண்டு மில்லிமீட்டர், ஓட்டின் தோள்பட்டையில் புடைப்புகள் பதினொன்று, வாய்ப்பிளவு அடியில் போகப்போக அகலம். மூன்று நாள் உட்கார்ந்து உலகத்தில் இதுவரை எழுதப்பட்ட விவரணைகளையெல்லாம் புரட்டிப் பார்த்தாள். அது யாரும் பெயர் வைக்காத சங்கு.

பெயர் வைக்கிறவரின் பெயரும் அந்த இனத்தின் பெயருக்குப் பின்னால் நிரந்தரமாக நிற்கும். ஒரு பட்டியலிலும் இல்லாத உமாராணிக்கு அது என்ன என்று யோசித்துப் பாருங்கள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் அந்த அகலமான வாய்ப்பிளவு புழு தின்கிற சங்குக்கு இருப்பதில்லை, மீன் தின்கிற சங்குக்குத்தான் இருக்கும். மீன் தின்னும் கூம்புச் சங்குகளில் சிலவற்றின் விஷம் மனிதனைச் சாகடிக்கும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. இது அவளுக்குத் தன் வீட்டு முகவரியைப் போல் தெரியும்.

அண்ணாச்சியிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் சங்கு பிழைக்காது. போன சீசனில் உடம்பெல்லாம் முள்ளான கடல்முள்ளி ஒன்று ஒரு ஆளின் விரலில் குத்திவிட்டது என்று மணிமுத்து அண்ணாச்சி அந்தத் தொட்டி முழுவதிலும் பிளீச்சிங் பவுடரைக் கொட்டிய கதையை அவரே பெருமையாகச் சொல்லியிருந்தார். வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றால் தென்காசியில் கடல்தண்ணீருக்கு எங்கே போவது? கடற்கரை ஆராய்ச்சி நிலையத்துக்குக் கொண்டுபோனால் நாலு பெரியவர்களின் பெயருக்குப் பின்னால் ஐந்தாவதாக இவள் பெயர் வரும். இன்னும் பத்தே நாள், உயிரோடு வைத்துப் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டால் போதும் என்று கமுக்கமாக இருந்துவிட்டாள். தொட்டிக்குக் கண்ணாடி மூடி இருக்கிறது, யார் கையும் படாது என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

ஒரு கை படும். சொக்கம்மாளின் கை.

ஆலங்குளத்துக்காரி, ஐம்பது வயது இருக்கும். தினமும் பஸ்ஸில் வந்து தொட்டிகளைத் துடைத்துவிட்டு வீட்டுக்குப் போவாள். நீளக் கரண்டியால் சங்குகளை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கண்ணாடியில் படிந்த பாசியைச் சுரண்டுவாள்.

“ஏ சொக்கம்மா, நேத்து ஏழாம் தொட்டில எட்டு மீன் கெடந்துச்சு. இன்னைக்கு ஆறுதான் நீந்துது. மூடிய ஒழுங்கா போட்டியா இல்லியா?” என்றார் அண்ணாச்சி ஒருநாள்.

“போட்டேன் அண்ணாச்சி. நானா பொரிச்சுத் தின்னேன்?”

“பின்ன தண்ணி குடிச்சிட்டா?”

உமாராணி பக்கத்திலேதான் நோட்டுப் புத்தகத்தோடு நின்றாள். அந்த இரண்டு மீனும் எங்கே போயின என்று அவளுக்குத் தெரியும். குனிந்து எழுதிக்கொண்டே இருந்தாள்.

சனிக்கிழமை காலை, கூட்டம் வருமுன்னே, அதைக் கண்ணாலேயே பார்த்துவிட்டாள். மணலுக்குள் புதைந்து கிடந்த சங்கு மெல்ல ஒரு குழலை நீட்டியது. மீன் பக்கத்தில் வந்தது. குழல் அதை லேசாகத் தொட்ட மாதிரிதான் இருந்தது, மீன் விறைத்துப்போய்விட்டது. பிறகு சங்கு நிதானமாக வாயை விரித்து அதை முழுசாக உள்ளே வாங்கிக்கொண்டது. உமாராணி சந்தோஷத்தோடு நோட்டைத் திறந்தாள். ‘மூன்று நொடியில் மீன் அசைவற்றது’ என்று எழுதினாள். அதற்குக் கீழே, ‘மனிதருக்கும் ஆபத்தாக இருக்கலாம்’ என்றும் எழுதினாள். கட்டுரைக்கு அது வேண்டும். பலகையில் எழுதவில்லை. கட்டுரையைச் சொக்கம்மாள் வாசிக்கப்போவதில்லை.

ஆனாலும் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. போகும்போது சொக்கம்மாளைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

“அக்கா, ஏழாம் தொட்டிய நீங்க தொடாதீங்க. நானே வந்து சுத்தம் பண்ணிக்கிடுதேன்.”

“ஏன் டீச்சர்?”

இங்கேதான் அவள் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். “அந்தச் சங்கு ஓடு ரொம்ப மெலிசு. லேசாத் தட்டுனாலும் ஒடைஞ்சிரும்” என்றாள்.

“அய்யய்யோ, நான் கரண்டிய வச்சில்லா தள்ளிக்கிட்டுக் கெடந்தேன். இனும பாத்துக்கிடுதேன்” என்றாள் சொக்கம்மாள். அவள் முகத்தில் நிஜமான கவலை தெரிந்தது.

திங்கட்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் உமாராணிக்குத் தேர்வு மேற்பார்வை விழுந்துவிட்டது. ஐந்தருவிக்குப் போகவில்லை. செவ்வாய் சாயங்காலம் விடைத்தாள்களைக் கட்டிக் கொடுத்துவிட்டுக் கல்லூரி வராந்தாவில் வரும்போது மணிமுத்து அண்ணாச்சியின் போன் வந்தது.

“டீச்சர், ஒரு சின்ன விசயம். பதறாதீய. ஒங்க சங்குக்கு ஒண்ணும் ஆகல.”

“என்ன அண்ணாச்சி?”

“ஏழாம் தொட்டி கண்ணாடி பாசி புடிச்சு ஒண்ணும் தெரியல. ஆளுக சத்தம் போடுதாவன்னு நாந்தான் சொக்கம்மாவத் தொடைக்கச் சொன்னேன். கரண்டி பட்டா ஒடைஞ்சிரும்னு டீச்சர் சொன்னாவன்னு, பச்சப்புள்ளயத் தூக்குத மாதிரி அத உள்ளங்கையில எடுத்து வச்சிருந்தா. என்னமோ சுருக்குன்னுச்சாம். எறும்பு கடிச்ச மாதிரித்தான்.”

உமாராணி குறுக்கிட்டாள். “எப்போ?”

“மத்தியானம் ரெண்டு மணி இருக்கும். கை மரத்துப்போச்சுன்னா. நான் விட்டுருவனா? கையோட ஒரு கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன். என்ன கடிச்சதுன்னு டாக்டர் கேட்டாரு. ஒங்க பலகைய போட்டோ புடிச்சு வச்சிருந்தம்லா, அதக் காட்டினேன். வாசிச்சிட்டு, அப்ப பயமில்லன்னு அரிப்புக்கு ஒரு ஊசியப் போட்டு அனுப்பிட்டாரு. தென்காசில நாலரை மணி பஸ்ல ஏத்தி விட்டுட்டேன்.”

மணி நாலு ஐம்பத்தைந்து. உமாராணி போனை வைத்துவிட்டுச் சொக்கம்மாளை அழைத்தாள். நாலைந்து மணியடித்த பிறகுதான் எடுத்தாள். பின்னால் பஸ்ஸின் இரைச்சல். குரல் குழறியது.

“டீச்சரா? சங்கு... ஒடையல. பத்திரமா உள்ள விட்டுட்டேன்.”

“அக்கா, மூச்சு விட முடியுதா? கண்ணு நல்லாத் தெரியுதா?”

“எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது. நாக்கு தடிச்சுக் கெடக்கு. ஊசி போட்டாவள்லா, அதான்... தூக்கமா வருது.”

“தூங்காதீங்க. போனைக் கண்டக்டர்ட்ட குடுங்க. பஸ்ஸ நிப்பாட்டச் சொல்லுங்க. குடுங்கக்கா.”

“எதுக்குப் பதறுதீங்க? தீங்கில்லன்னு நீங்கதான எழுதி வச்சிருக்கீங்க.”

அத்தோடு பேச்சு நின்றுவிட்டது. உமாராணி ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். ஆலங்குளம் ரோடு, தென்காசியில் நாலரைக்குக் கிளம்பிய பஸ், எண் தெரியாது, மூச்சு நின்றுபோகும், வாயில் காற்றை ஊதியே உயிரைப் பிடித்து வைக்க வேண்டும் என்று அவள் சொன்னதைக் கேட்டு எதிர்முனையில் இருந்தவர் முதலிலிருந்து சொல்லச் சொன்னார். இன்னொரு தடவை சொன்னாள். மறுபடி சொக்கம்மாளின் எண்ணை அழுத்தினாள்.

ரொம்ப நேரம் அடித்தது. வேறொரு பெண் எடுத்தாள்.

“யாரும்மா? நான் பக்கத்து சீட்டுல வருதேன். இந்த அம்மா என் தோள்ல சாஞ்சு நல்லா அசந்து தூங்குதாவ. ஆலங்குளம் வந்தா எழுப்பி விடச் சொன்னாவ. இன்னும் நேரம் கெடக்கே, பாவம், அதுக்குள்ள ஏன் எழுப்புவானேன்னு விட்டுட்டேன்.”