எழிலரசன் அனுப்பிய படகு

செந்தமிழ்ச்செல்வி கட்டிலின் மேல் நின்றுகொண்டிருந்தாள். தண்ணீர் கட்டில் சட்டத்தைத் தொட்டுவிட்டது. ஆறு வயது அபி அவள் கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டு, "படகு எப்பம்மா வரும்?" என்று மறுபடியும் கேட்டாள்.

"வரும்டி," என்றாள் செல்வி.

காலையில் தெருவே மூட்டைமுடிச்சோடு கிளம்பியபோது அவளும் கிளம்பியிருக்கலாம். புருஷன் பலராமன் ஷிப்டுக்குப் போன கம்பெனியிலேயே மாட்டிக்கொண்டான். தனியாகப் பிள்ளையோடு எங்கே போவது என்று தயங்கியபோதுதான் எம்.எல்.ஏ. எழிலரசனின் வீடியோ வந்தது. புது ரெயின்கோட், அளவாக நனைந்த முடி, பின்னால் நீலப் படகு. "யாரும் வீட்டை விட்டு வெளியே வர வேண்டாம். உங்கள் வாசலுக்கே படகு வரும். நான் இருக்கிறேன்." என்ன குளிர்ச்சியான குரல்! செல்வி கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

இப்போது அதே வீடியோவைத் திரும்பப் போட்டாள். முகத்தை விட்டுப் படகைப் பார்த்தாள். படகுக்கு அடியில் தண்ணீர் இல்லை. மினி லாரியின் டயர்தான் தெரிந்தது.

"உள்ள யாராவது இருக்கீங்களா?"

ஜன்னலுக்கு வெளியே, வீட்டுத் தரையைவிடப் பள்ளமான தெருவில், மார்பளவுத் தண்ணீரில் காத்தவராயன் நின்றார். போன தேர்தலில் எழிலரசனிடம் தோற்றவர்.

அவர் ஓட்டுக் கேட்டு வந்த நாளில் இந்தத் தெருப் பெண்கள் எல்லோரும் ஆரத்தித் தட்டோடுதான் நின்றார்கள். பட்டா வாங்கித் தருவீர்களா என்று கேட்டதற்கு மனுஷன் பட்டென்று சொன்னார்: "முடியாதும்மா. இது ஏரி. பெரிய மழை வந்தா தண்ணி அது எடத்துக்குத்தான் வரும்." முதலில் தட்டைச் சுற்றாமல் உள்ளே கொண்டுபோனவள் செல்விதான். மற்றவர்களும் அவள் பின்னாலேயே போனார்கள். மறுநாள் 'பட்டா என் பொறுப்பு' என்று கைகூப்பிய எழிலரசனின் நெற்றியில் குங்குமம் வைக்க இடமில்லை. உள்ளதைச் சொன்னவனுக்கு எந்த ஊரில் ஓட்டு விழுந்தது?

"படகு வருதுங்களா ஐயா?"

"வராது. படம் புடிச்சதும் லாரியிலயே திருப்பி எடுத்துகினு போயிட்டாங்க. புள்ளய எங்கிட்ட குடு, கிளம்பு."

"ரொம்ப ஆழமா இருக்குமா?"

"உனக்குக் கழுத்து வரைக்கும் வரும்."

"உங்களுக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியாது."

"பயமா இருக்குங்க."

"எனக்கும் பயமாத்தான் இருக்கு. நின்னா இன்னும் ஏறும்."

இந்த ஆள் இல்லாததை இருப்பதாகச் சொல்லமாட்டார் என்பது அந்தப் பயத்திலும் அவளுக்குத் தெரிந்தது. அபியைத் தூக்கிக்கொண்டு கட்டிலை விட்டு இறங்கி வாசலுக்கு வந்தாள்.

அவர் ஒரு கயிற்றைத் தன் இடுப்பிலும் அவள் இடுப்பிலும் கட்டினார். அபியைத் தோளில் ஏற்றிக்கொண்டார். "சாக்கடை மூடி எங்கெங்க தொறந்திருக்குன்னு தெரியாது. நான் கால வச்சு தர இருக்கான்னு பாத்துச் சொல்றேன். இல்லன்னு சொன்னா எதையாவது புடிச்சிகினு கயித்த இழு."

மூடிய கேட்டுகளைப் பற்றிக்கொண்டே நகர்ந்தார்கள். தண்ணீர் செல்வியின் தாடையில் மோதியது. ஏதோ ஒன்று காலில் சுற்றி விலகியது. கத்தக்கூட வாய் திறக்கப் பயமாக இருந்தது.

"தர இருக்கா தாத்தா?" என்றாள் அபி.

"இருக்கு."

"இப்போ?"

"இருக்கு."

தெருமுனைப் பள்ளிக்கூடத்து மாடியில் ஆட்கள் கையசைப்பது தெரிந்தது. இன்னும் கொஞ்ச தூரம்தான்.

"இப்போ இருக்கா தாத்தா?"

"இல்ல."

செல்வி யோசிக்கவில்லை. ஒரு கையால் கேட்டுக் கம்பியை அணைத்துக்கொண்டு, மறுகையால் கயிற்றை உயிரைக் கொடுத்து இழுத்தாள். காத்தவராயனின் தலை உள்ளே போனது. தண்ணீருக்கு மேலே அபி மட்டும் தெரிந்தாள். செல்வி இழுத்தாள். கம்பி அவள் விலாவை அறுத்தது. இன்னும் இழுத்தாள்.

அவர் இருமிக்கொண்டே மேலே வந்தார். அபி அழவில்லை. அவர் முடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்:

"இப்போ?"

அவர் முதலில் காலை ஊன்றிப் பார்த்தார்.

"இருக்கு," என்றார்.

செல்வி அந்தப் பக்கமாக அடியெடுத்து வைத்தாள்.